எனக்குப் பதிலாகப் பேசியவர்

போன வாரம் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு பையனை நேர்காணல் செய்துகொண்டிருந்தேன். விடுமுறையில் ஊருக்கு வந்தவனை நிம்மதியாக இருக்க விட்டால்தானே! அயர்லாந்தில் என் அலுவலகத்தில் ஆள் பற்றவில்லையாம், அரை மணி நேர வேலைதானாம், மடிக்கணினி இருந்தால் போதுமாம். இயர்போனை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டியிருந்தது. வெளியே அம்மா நெத்திலி காயப்போட்டு, கையில் குச்சியோடு காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் எந்த மாடிக்குப் போனாலும் இந்தக் கருவாட்டு வாசனைதான். இதை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆங்கிலம் பேசுவது கொஞ்சம் கஷ்டம்.

பையன் நம் பக்கத்துப் பையன்தான். செங்கல்பட்டு என்று போட்டிருந்தது. அயர்லாந்தில் மேல்படிப்பு முடித்துவிட்டு அங்கேயே வேலை தேடிக்கொண்டிருக்கிறான். இணைப்பு சரியில்லை என்று படத்தை அணைத்து வைத்திருந்தான். நல்ல கனமான, நிதானமான குரல். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட அனுபவம் ஏதாவது உண்டா, எப்படி மீண்டாய்?

உண்டு என்றான். சின்ன வயதில் அப்பாவோடு கடலுக்குப் போயிருந்தானாம். மார்கழிப் பனியில் கரை தெரியவில்லை, இன்ஜினும் நின்றுவிட்டது. அப்பா கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரைக்கும் இறக்கினார். கல்லில் ஒட்டி வந்த சேற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, கரை இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் கதை. அந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கதையைச் சொன்னது நான் இல்லை. ஆனால் எனக்காக அதைச் சொன்ன குரல் இதே குரல்தான்.

என்ன இது, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் என்கிறீர்களா? முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்கு அப்போது கீச்சுக் குரல். எங்கள் பக்கம் கீச்சான் என்று ஒரு மீன் உண்டு. தண்ணீரைவிட்டுத் தூக்கினால் கீச் கீச்சென்று கத்தும். வீட்டில் எனக்கு அதுதான் பெயர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தேனே தவிர, படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். இரண்டு தடவை பார்த்துவிட்டு அப்பாவே, "நீ படிச்சிக்கினு இரு, உனுக்கு இன்னாத்துக்குக் கடலு" என்று சொல்லிவிட்டார். பொத்தேரியில் கல்லூரி படித்தேன். பிறகு மேல்படிப்புக்கு அயர்லாந்து. படிப்பு முடிந்தால் ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேடலாம். அதற்குள் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த ஒரு வருடத்தில் என் குரல் என்னைப் படுத்திய பாடு! அங்கேயெல்லாம் முதலில் தொலைபேசியில்தான் பேசிப் பார்ப்பார்கள். நான் வணக்கம் சொன்னதும் எதிர்முனையில் ஒரு தயக்கம். ஒரு அம்மாள், "கண்ணு, அப்பாவிடம் கொடு" என்றே சொல்லிவிட்டாள். பதற்றத்தில் குரல் இன்னும் மேலே ஏறும். ஏற ஏற எனக்கே என்னைப் பிடிக்காது. இப்படியே நாட்கள் ஓடி, கடைசியில் நாற்பது நாள் மிச்சம். ஊரெல்லாம் நான் பெரிய வேலையில் இருக்கிறேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். எந்த முகத்தோடு திரும்பி வருவது?

பொத்தேரியிலிருந்தே என்னோடு படித்த அறைத்தோழன் ஒருவன் இருந்தான். அவன்தான் வழி சொன்னான். "மச்சான், நீ வாயத் தொறக்காத. கூடுவாஞ்சேரில ஒரு அண்ணாத்த கீறாரு. உனக்கு பதிலா அவரு பேசுவாரு. நம்ம பசங்க நாலு பேரு அவரு பேசித்தான் வேலைல கீறானுங்க."

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவர் உட்கார்ந்திருந்தாராம். நான் பார்த்ததில்லை, பெயரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணாத்ததான். நேர்காணலுக்கு முன்தினம் அரை மணி நேரம் என்னிடம் போனில் பேசினார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், படகு என்ன நிறம், கடலுக்குப் போயிருக்கிறாயா. பாடத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியும் நைனா. நீ யாருன்னுதான் தெரியணும்" என்றார். அந்தக் குரலைக் கேட்டால் யாரும் எதையும் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு குரல்.

மறுநாள் அயர்லாந்தில் மதியம், கூடுவாஞ்சேரியில் மாலை. அதே அழைப்பில் என்னையும் ஊமையாகச் சேர்த்துக்கொண்டார். நான் என் கட்டிலில் உட்கார்ந்து, நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொன்னார். என் படிப்பைச் சொன்னார். "என் அப்பா" என்றார். பின்னால் தாம்பரம் ரயில் தடதடவென்று போனது. அப்போதுதான் அந்தக் கதை வந்தது, பனி, கயிறு, கல், சேறு. மேலாளர் மெய்மறந்து, அந்தச் சேற்றின் வாசனை எப்படி இருந்தது என்று கேட்டார். அதற்கும் அண்ணாத்தயிடம் பதில் இருந்தது. "பழைய சோத்துத் தண்ணி வாசனை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், அயர்லாந்தில் என் அறையில் அந்த வாசனை அடித்தது. பயந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது.

சேர்கிற நாளுக்கு முன் பத்து நாள் கண்ணாடி முன்னால் நின்று அவர் மாதிரி பேசிப் பழகினேன். முகவாயைத் தாழ்த்தி, மூச்சை வயிற்றில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி. முதல் நாள் மேலாளர் கை குலுக்கிவிட்டு, "அந்தப் படகுக் கதைக்காரர் நீங்கள்தானே" என்றார். ஆமாம் என்றேன். குரல் சரியாக விழுந்தது. அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதன்பிறகு விருந்து, வழியனுப்பு, புது ஆள் வரவு என்று எது நடந்தாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி, கயிறு உள்ளங்கையை அறுப்பதுகூடத் தெரிய ஆரம்பித்தது. வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா, "ஹலோ, யாருபா வோணும்?" என்பாள். "நான்தாம்மா" என்பேன். "நான்தான்னா? யாரு நானு?" ஒவ்வொரு தடவையும் என் பெயரைச் சொல்லி, கீச்சான் என்று சொல்லி, நம்ப வைக்க வேண்டியிருந்தது. "கொரலு இன்னாடா இப்பிடி கீது? சளியா?" குளிர் ஊர் அம்மா, அப்படித்தான் இருக்கும் என்பேன். பழையபடி பேசிக் காட்டலாம் என்று ஒரு நாள் முயன்றேன். வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து முதல் விடுமுறையில் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். நன்றி சொல்லத்தான். ஒல்லியான மனிதர், கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். வணக்கம் சொன்னேன். அவர் துண்டை விலக்கிக் காட்டினார். தொண்டையில் அறுவை செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்களாம். ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்: "யாரு?"

நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம்தான். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என் வாயையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எதிரே ரயில் வந்து நின்று, போனது. நோட்டில் எழுதினார்: "பேசு."

என்ன பேசுவது? அந்தக் கதையைத்தான் சொன்னேன். முடிந்ததும், "இன்னும் கொஞ்சம்" என்று எழுதினார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. யாருடைய கதை அண்ணாத்த இது, உங்கள் அப்பாவா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "எங்க நைனா ரயில்வேல இருந்தாரு. சும்மா தோணுச்சி" என்று எழுதினார். அவர் மறுபடி மூடிக்கொண்ட கண்ணைத் திறப்பதற்குள் கீழே இறங்கி, வந்த ரயிலில் ஏறிவிட்டேன். ஏதோ எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி இருந்தது.

அடுத்த முறை போனபோது ஜெராக்ஸ் கடையே இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடையில், "அவரா? அவரு போயி சேந்துட்டாரு சார்" என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த பதினாறாம் நாள், உறவுக்காரர்கள் நடுவில் என்னை அறியாமல் அந்தக் கதை என் வாயில் வந்துவிட்டது. பாதியில் உறைத்தது. இவர்கள் அப்பாவோடு கடலுக்குப் போனவர்கள் ஆயிற்றே, சிரிக்கப்போகிறார்கள் என்று நிறுத்தினேன். என் தாய்மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டா, எனக்கு நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கி நானும் படகுல இருந்தேன்" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இப்போது மறுபடி போன வாரத்துக்கு வருவோம். அண்ணாத்த பேசிய அழைப்புகளை யாரோ சேர்த்து வைத்திருந்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒருவர் பேசினால் இன்னொருவர் குரலில் மாற்றிக் கொடுக்க மென்பொருள் வந்துவிட்டது. எல்லாம் எனக்குத் தெரியும், அந்தத் துறையில்தானே இருக்கிறேன். தெரிந்து என்ன? செத்துப்போன மனிதரின் குரலில் நான் கேள்வி கேட்க, அதே குரல் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சேற்றின் வாசனை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பழைய சோத்துத் தண்ணி வாசனை."

அதற்கு மேல் தாங்கவில்லை. தமிழிலேயே சொன்னேன். "தம்பி, அதை அணைச்சிடு. உன் கொரல்ல பேசு. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

ஏதோ சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய, கிழிந்த ஒரு கீச்சுக் குரல்: "சார்… எனக்கு இன்னும் பதினேழு நாள்தான் சார் கீது. திருப்பி அனுப்பிடுவாங்க சார். நான் பேசுனா யாருமே…" அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

மூன்று தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. இணைப்புக் கோளாறு, நாளை மறுபடி பேசிக்கொள்கிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். அவனுக்கும், "நாளைக்கு வா, உன் குரலிலேயே வா" என்று எழுதிப் போட்டேன். இதை எழுதுகிற வரைக்கும் பதில் இல்லை.

அன்றைக்கு இணைப்பு அறுந்த சற்று நேரத்தில் கதவு திறந்தது. அம்மா, கையில் காக்காய்க் குச்சியோடு, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"டேய் கீச்சான்! வந்துடுச்சாடா உன் கொரலு? நீயே கேள்வி கேட்டு நீயே பதிலு சொல்லிகினு கீறியேன்னு பயந்துகினு இருந்தேன். இப்ப பேசுனியே, சார் சார்னு, அது எம் புள்ள கொரலு. எத்தினி வருசமாச்சி! இன்னொரு தபா பேசுடா."

நான் வாயைத் திறந்தேன். "அம்மா" என்றேன்.

கூடுவாஞ்சேரிக்காரர்தான் பேசினார். அம்மா குச்சியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு காக்காய் விரட்டப் போய்விட்டாள்.