போயிட்டு வாட்டி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் இங்கிலீஷ்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இத்தாலியிலிருந்து ஒரு தம்பதி வந்தபோது, மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

கையெழுத்தெல்லாம் முடிந்தது. குழந்தையை அதுவரை வளர்த்த செல்வி அக்கா அதன் கன்னத்தைத் தடவி, "போயிட்டு வாட்டி" என்றார். நான் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அந்த இத்தாலிக்கார அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு, "ஏன் திரும்பி வர வேண்டும்? எங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டார்.

"ஏலே, என்னத்தல சொன்ன? அவிய அழுவுதாவல்லா."

"நீங்க சொன்னதத்தாம்க்கா சொன்னேன்."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "எங்கள் ஊரில் யாரையும் 'போ' என்று மட்டும் சொல்லி அனுப்ப மாட்டோம். நல்லபடியாக இரு என்று வாழ்த்துகிறார். குழந்தை உங்களுடையதுதான்" என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதில் சொல்வது எப்படி என்று நாலு தடவை என்னிடம் கேட்டுப் பழகினார். கார் ஏறியதும் குழந்தையின் கையைத் தூக்கி ஆட்டி, "போயிட்டு வாரோம்" என்றார்.

"நம்மூர்க்காரி ஆயிட்டாள்ல" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

வருஷக்கணக்கில் படித்த இங்கிலீஷில் நான் பயமுறுத்திவிட்டதை, நாலு தடவை கேட்ட தமிழில் அவர் சரிசெய்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.