காற்றுக்கு அசையாத மூன்று கால்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'எக்ஸ்ரே அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. கை முறிந்தவர்களையும் இடுப்புப் பிடித்தவர்களையும் பலகை மேல் கிடத்தி, "அசையாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதி ஆயுசு போயிருந்தது. படம் கொஞ்சம் கலங்கியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறாது. டாக்டர் கேட்பதற்கு முன்பே இன்னொன்று எடுத்துவிடுவாள். ஆள் குள்ளம். குரல் மட்டும் வராந்தா முழுக்கக் கேட்கும்.

அவள் கணவர் டவர் கிரேன் ஓட்டுபவர். ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் கட்டும் இடத்தில் வேலை. காலையில் ஏணி ஏறி உச்சியிலிருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போனாரென்றால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு வேலை எப்படிங்க?" என்று இவள் கேட்டால், "ம்ம், ஓடுச்சு" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், வேலை செய்யும்போது அந்த மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

இதை ஒருநாள் அவள் வாய்விட்டுச் சொன்னபோது நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊர்ல இருக்கிறவங்க எலும்பையெல்லாம் பார்த்துட்டீங்க. கட்டின புருஷன் மூஞ்சியைப் பார்க்கலையா அண்ணி?"

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில். அது வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது.

சிரித்துவிட்டாளே தவிர, வழி சொன்னவளும் அவள்தான். கிரேனுக்கு எதிரே, ஆற்றின் இந்தக் கரையில் ஒரு குன்று இருக்கிறது. உச்சிவரை படிக்கட்டு உண்டு. மேலே நின்றால் கிரேன் கூண்டு கண்ணுக்கு நேரே வரும். எக்ஸ்ரே அக்காவிடம் ஒரு கேமராவும் இருந்தது. கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் புது கேமராவுக்கு மாறியபோது பழையதை நீள லென்ஸோடு தங்கைக்குக் கொடுத்துவிட்டார். கைக்குழந்தை கனம் கனக்கும். லென்ஸ் மட்டும் தனியாக முழங்கை நீளம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்கார்ந்து காக்கை குருவிகளை எடுத்துப் பழகியிருந்தாள்.

அடுத்த விடுமுறையில் இருவரும் குன்றேறினார்கள். கூண்டுக்குள் இருட்டு. வெளிச்சம் போதாததால் கேமராவின் கண்ணைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால்தான் முகம் விழும். அந்த நேரத்தில் கேமரா துளி அசைந்தாலும் போச்சு. கையில் பிடித்து எடுப்பதெல்லாம் நடக்காத காரியம். வீட்டிலிருந்த மலிவு ஸ்டாண்டை விரித்து, கேமராவை மாட்டி, கண்ணை வைத்தாள். ஒரு காற்று அடித்தது. ஸ்டாண்ட் மூன்று காலையும் ஒரே பக்கமாகச் சாய்த்து மயங்கி விழுவதுபோல் சரிந்தது. விசில் பாய்ந்து கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் முழங்கால் கல்லில் உரசி ரத்தம் வந்தது.

"கோல் விழாம தடுத்துட்டேன் அண்ணி!" என்றாள், காலை ஊதிக்கொண்டே.

விழுவதற்கு முன் எடுத்த படங்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கூண்டுக்குள் வெள்ளையாக ஏதோ புகை மாதிரி இருந்தது. அது முகமா, துண்டா, டிபன் பாக்ஸா என்றே தெரியவில்லை.

பிறகு பக்கத்துத் தெரு ஸ்டுடியோவில் ஒரு ஸ்டாண்டை இரவல் கேட்டு வாங்கினாள். அது இரும்புக் கட்டில் மாதிரி உறுதி. கனமும் அதே கட்டில் கனம். பாதிப் படிக்கட்டிலேயே அவளுக்குத் தோள் இற்றுவிட்டது. ஏற்கெனவே நோயாளிகளைத் தூக்கிப் புரட்டி நொந்துபோன தோள் அது. விசில் வாங்கிச் சுமந்தாள். அவளும் நாலு படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அன்றைய வேலை முடிந்து கிரேன் நின்றுவிட்டிருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை சாப்பிடும்போது கணவர் அதிசயமாகத் தானே வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை கடைசித் துண்டு வைக்கிறோம். நான்தான் தூக்குறேன்."

பாலத்தின் இரண்டு பக்கமும் வந்து நடுவில் ஓர் இடைவெளி மட்டும் பாக்கியிருந்தது. அதற்குள் இறங்க வேண்டிய இரும்புத் துண்டு அது. எக்ஸ்ரே அக்காவுக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து போய் நாத்தனாருக்குப் போன் போட்டாள். "விசில், சனிக்கிழமை நீ ஃப்ரீயா? ஒரு ஸ்டாண்ட் வாங்கணும். காத்துக்கு அசையக் கூடாது, தூக்கினா தெரியக் கூடாது."

"அண்ணி, இது மாப்பிள்ளை தேடுற மாதிரி இருக்கு. ரெண்டும் சேர்ந்து கிடைக்காது."

"தேடாம எப்படித் தெரியும்?"

கேமராவையும் லென்ஸையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நடுத்தர வயது, காதில் பென்சில் செருகியிருந்தார். முதலில் அவர் எடுத்து வைத்தது பளபளவென்று ஒன்று. கால்கள் பல அடுக்காக மடங்கி, குடை அளவுக்குச் சுருங்கிவிட்டது. "ரொம்ப லைட் மேடம். எவ்வளவு வெயிட்டும் தாங்கும், டப்பாவிலேயே போட்டிருக்கான் பாருங்க."

"டப்பா தாங்கும் சார். ஸ்டாண்ட் தாங்குதான்னு பார்ப்போமா?" என்றாள் விசில்.

எக்ஸ்ரே அக்கா கேமராவை மாட்டினாள். கடையின் மறுகோடிச் சுவரில் தொங்கிய தீயணைப்புச் சிலிண்டரைப் பார்த்துத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைத் திரையில் பெரிதாகக் கொண்டுவந்தாள். பிறகு ஸ்டாண்டின் காலை ஒரு விரலால் தட்டினாள். எழுத்துகள் கொதிக்கிற தண்ணீரில் போட்டதுபோல் துள்ளின. துள்ளிக்கொண்டே இருந்தன. கடைசி அடுக்குக் கால்கள் பென்சில் தடிமன்தான். கேமராவை இன்னும் மேலே தூக்குவதற்கென்று நடுவில் இருந்த தண்டை உயர்த்தியதும் ஆட்டம் இன்னும் கூடியது.

கடைக்காரர் குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. "இருங்க மேடம்," என்று உள்ளே போய் இன்னொன்றைத் தூக்கி வந்தார். தடித்த அலுமினியக் கால்கள். தட்டியதும் எழுத்து ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. அவளுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் விசில் அதைத் தோளில் போட்டுக் கடைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "படிக்கட்டுல இது என்னைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

அதன்பிறகு அந்தக் கடையில் நடந்ததை வியாபாரம் என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் சேர்ந்து ஒன்றை மாட்டுவதும் தட்டுவதும் கழற்றுவதுமாக ஆனார்கள். கடைக்காரர் டீ வரவழைத்தார். அது ஆறிப்போனது. காற்றுக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டதும், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த மேஜை ஃபேனைத் தூக்கி ஸ்டாண்டுக்கு எதிரே வைத்து முழு வேகத்தில் விட்டார். ரசீதுகள் கடையெங்கும் பறந்தன. "பறக்கட்டும் விடுங்க, எழுத்தைப் பாருங்க!" என்று கத்தினார் அவரே.

கடைசியில் தலையில் அடித்துக்கொண்டார். "அட, ஒண்ணு இருக்கே!" ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து தூசி படிந்த நீளப் பை ஒன்றை இறக்கினார். கறுப்பு நிறக் கார்பன் ஃபைபர் கால்கள். மூன்றே அடுக்கு, ஒவ்வொன்றும் நல்ல தடிமன். நடுத்தண்டே கிடையாது. "ஒருத்தர் வாங்கிட்டுப் போய் மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டாரு. அவரு நெட்டை. நடுத்தண்டு இல்லாததால கூனிக்கிட்டே எடுக்க வேண்டியிருக்குன்னு."

எக்ஸ்ரே அக்கா அதை ஒரு கையால் தூக்கினாள். உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று சந்தேகம் வந்தது. கால்களை முழுக்க இழுத்து நிறுத்தினாள். கேமராவை மாட்டியதும் கண் வைக்கும் இடம் அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

"குள்ளமாப் பொறந்ததுக்கு இன்னைக்குத்தான்டி லாபம்!" என்றாள் நாத்தனாரிடம்.

தட்டினாள். எழுத்து அசைந்தமாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. ஃபேனை வைத்தார்கள். நின்றது. காலுக்கு நடுவிலிருந்த கொக்கியில் விசில் தன் கைப்பையை மாட்டினாள். இன்னும் அழுத்தமாக நின்றது.

ஆனால் ஒரு கோளாறு. திருகை இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் லென்ஸ் மெல்ல மெல்லத் தலை கவிழ்ந்தது. சிலிண்டரின் எழுத்து திரையில் மேலே போய் மறைந்தே விட்டது. கால் நன்றாக இருந்தது. கேமராவைத் தாங்கும் தலைப்பகுதிதான் இந்த லென்ஸுக்குப் பலம் போதவில்லை. கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். பிறகு அந்த அலுமினிய ஸ்டாண்டின் தலையைத் திருகிக் கழற்றினார்.

"இந்தத் தலையை அந்த உடம்புல வெச்சா?"

"சார், இதை முன்னாடியே சொல்லியிருந்தா டீயாவது சூடாக் குடிச்சிருப்போம்," என்றாள் விசில்.

மரை பொருந்தியது. இறுக்கினார்கள். மூவரும் மூச்சுக் காட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. கடைக்காரர் கைதட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை படிக்கட்டில் அவளே ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். நடுவழியில் ஒருமுறை, அது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். உச்சியில் காற்று புடவைத் தலைப்பைக் கொடிபோல் பறக்கவிட்டது. ஒரு காலை லென்ஸ் பக்கமாக முன்னே நீட்டி, மற்ற இரண்டையும் பாறை இடுக்கில் ஊன்றினாள். பையில் கல் நிரப்பிக் கொக்கியில் தொங்கவிட்டு, அது ஆடாமல் இருக்கத் தரையைத் தொடும்படி இறக்கினாள்.

கீழே ஏதோ தாமதம். காற்று குறையட்டும் என்று காத்திருக்கிறார்கள் போல. பிறகு காற்று கொஞ்சம் தணிய, கிரேன் கை மெல்லத் திரும்பியது. இரும்புத் துண்டு தரையை விட்டு எழும்பியது.

எக்ஸ்ரே அக்கா கண்ணை வைத்தாள். கண்ணாடிக் கூண்டு. அதற்குள் அவர். நெற்றிச் சுருக்கம் உட்படத் தெளிவாகத் தெரிந்தது.

"விசில்! உங்க அண்ணன் பேசிட்டிருக்காருடி!"

"போன்லயா?"

"இல்லை. அந்த இரும்புகிட்ட!"

விசில் அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். உண்மைதான். வீட்டில் ஒரு வார்த்தைக்கு யோசிக்கிற மனுஷன் தலையை ஆட்டி ஆட்டி, புருவத்தை உயர்த்தி, கண்ணை உருட்டி, நடை பழகும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கீழே தொங்கிய இரும்போடு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணி, எங்க அண்ணனா இது? ஆளை மாத்திட்டாங்களா?" என்று அவள் குதித்தாள். "குதிக்காதே, தரை அதிரும்!" என்று அவளைப் பிடித்து நிறுத்திவிட்டு எக்ஸ்ரே அக்கா பொத்தானை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள்.

துண்டு இடைவெளிக்கு மேலே வந்ததும் அவர் வாய் மூடியது. முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. இரும்பு இறங்கியது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் கையைத் தூக்கினார்கள். பாலம் ஒன்றாகிவிட்டது. கூண்டுக்குள் அந்த மனுஷன் தன் தொடையில் தானே ஓங்கித் தட்டிக்கொண்டு, பல் மொத்தமும் தெரியச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பும் படத்தில் விழுந்தது. குன்றின் மேல் அண்ணியும் நாத்தனாரும் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள்.

சாயங்காலம் படங்களைக் காட்டியபோது அவருக்குக் காதுவரை சிவந்தது. "இதையெல்லாமா எடுப்பீங்க?" என்றார்.

"அப்படி என்னங்க பேசினீங்க அதுகிட்ட?"

"வா வா, மெதுவா வான்னு. அப்புறம்... வழியில கொஞ்சம் வீட்டுக் கதை."

"வீட்டுக் கதையா? எங்ககிட்ட சொல்லாததா?" என்று தங்கை பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சிரித்த படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பாலத்துக்காரர்கள் தங்கள் கேன்டீன் சுவரில் மாட்டினார்கள். அவர் அதற்கு முதுகு காட்டித்தான் சாப்பிட உட்காருவாராம். ஆனால் அடுத்த விடுமுறையில், யாரும் கூப்பிடாமலே, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஸ்டாண்டைத் தானே தூக்கிக்கொண்டார். உச்சிக்குப் போனதும் கேமராவில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. பாலத்தைப் பார்த்தார், ஆஸ்பத்திரியைப் பார்த்தார், பள்ளிக்கூட மைதானத்தைப் பார்த்தார். "அதோ நம்ம தெரு! அதோ நம்ம மொட்டைமாடி! துணி காயுது பாரு!" என்று பேசிக்கொண்டே போனார். விசில் தன் முறை எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.