வெள்ளைப் படுதா

எங்கள் குடும்பத்துக்குத் துணி விற்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தாத்தா மலாயாவுக்கு வந்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்றார். அப்பா சுங்கைப் பட்டாணியில் கடை போட்டார். நான் அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு நாடகத்துக்கு வாரி இறைத்தேன். உருப்படாதவன் என்று அப்பா என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு நாடகக் குழு இருந்தது. காலையில் ரப்பர் மரம் சீவுகிறவர்கள் சாயங்காலம் ஒத்திகை பார்ப்பார்கள். உடுப்பும் விளக்கும் என் பொறுப்பு. அதில் பெண் வேடம் கட்டியவன் என் வயதுக்காரன்தான், ஆனாலும் பார்த்த முதல் நாளே என்னை அண்ணே என்றான். ஒவ்வொரு நாடகத்துக்கு முன்பும் கடைக்கு வந்து, நிலைக்கண்ணாடி முன் நின்று சேலைகளைத் தோளில் போட்டுப் பார்ப்பான். அவன் முந்தானையை இழுத்துவிடும் ஒய்யாரத்தைப் பார்த்துவிட்டு, கடையில் இருக்கும் பெண்கள் அதே சேலையைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் அப்பா அவனுக்குக் காப்பி வரவழைப்பார். அந்தக் கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இப்போது என் கிழட்டு மூஞ்சிதான் தெரிகிறது. எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்.

ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய வெள்ளைப் படுதா தயார் செய்தோம். அகலத்துக்கு அகலம் சேர்த்துக் கையாலேயே மூட்டியவள் அந்தப் பெண் வேடக்காரனின் மனைவி. பினாங்கிலிருந்து ஓவியர் வந்து அதில் அரண்மனை வரைவதாக ஏற்பாடு. ஓவியர் வரவில்லை, ஜப்பான்காரன் வந்தான். கடையிலிருந்த துணியெல்லாம் போயிற்று, புதுத் துணி எங்கேயும் கிடைக்கவில்லை. படுதாவை மட்டும் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பிறகு தோட்டங்களில் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். மூன்றே மாதம் என்றார்கள். அவன் பெயரும் எழுதப்பட்டிருந்தது. என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தவன், பழக்க தோஷத்தில் கண்ணாடி முன் போய் நின்றான். போட்டுப் பார்க்கத்தான் ஒரு சேலையும் இல்லை.

“அரண்மனை வேணாம்ணே. நம்ம ரப்பர் மரத்தையே வரையச் சொல்லுவோம். நான் வந்து பக்கத்துல நின்னு சொல்றேன்லா. அதுவரைக்கும் ஒரு கோடு போட விடாதீங்க.”

விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று மாதம் போயிற்று, ஒரு வருஷமும் போயிற்று. அவன் வரவில்லை. அங்கே காலராவில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்ற பேச்சுதான் வந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துணி வாங்கிய யாரையும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லித்தான் அனுப்புவோம். சாவு வீட்டுக்குக் கோடித் துணி வாங்க வந்தவர்களிடம் மட்டும் அதைச் சொல்லமாட்டோம். பேசாமல் மடித்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

ஒருநாள் மத்தியானம் அவன் மனைவி வந்தாள். கோலா கெத்திலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பிலிருந்து கோணிச்சாக்கு, மேலே ஏதோ ஒரு கிழிசல். நான் உள்ளே கூப்பிட்டும் அவள் வரவில்லை. கதவுக்குப் பின்னால் உடம்பை மறைத்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, அந்த வெள்ளைப் படுதா இருக்கா? ஒரு சேலை அளவு கிழிச்சுக் குடுங்க.”

வெள்ளைச் சேலை! எனக்கு ரத்தம் கொதித்தது. ஊர்ப் பேச்சை நம்பி, அவனைச் செத்தவன் கணக்கில் சேர்த்துவிட்டாளே என்றுதான் தோன்றியது. அவள் கழுத்தில் தாலிக்கயிறு கிடக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை.

“அவன் உசுரோட இருக்கான். என் கையால உனக்கு வெள்ளை குடுக்க மாட்டேன்” என்றேன்.

அவள் கிழிசலை இழுத்து மூடிக்கொண்டாள். திரும்பி நடந்தவளின் முதுகைப் பார்த்து, வேண்டுமென்றே தெருவுக்கே கேட்கும்படி, “போயிட்டு வா” என்றேன். அவனையே யமனிடமிருந்து பிடுங்கி வந்த மாதிரி அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி. மடையன்.

பத்து நாள் கழித்து அந்தத் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதும் மனிதர், கடைப்பக்கம் வந்தார். போன வாரம் சயாமிலிருந்து நோயாளிகளை ஏற்றி வந்த ரயில் குருண் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்றதாம். அப்படி ஒன்று வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, லயத்துக் குடியிருப்புப் பெண்கள் சிலர் இருக்கிற துணியைச் சுற்றிக்கொண்டு போனார்களாம். அவன் மனைவியிடம் கட்ட ஒன்றும் இல்லாததால் வீட்டோடு இருந்துவிட்டாளாம். மாமியாருக்கும் அவளுக்கும் சேர்த்து இருந்த ஒரே சேலையும் நைந்து போயிருந்ததாம். போனவர்களையும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விடவில்லை. யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றே படுதாவை வெளியே எடுத்தேன். ஒரு சேலை அளவைக் கிழித்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“மஞ்சள்ல நனைச்சுக் கட்டிக்கலாம்னுதாண்ணே கேட்டேன். அவுரு வெள்ளையில பாத்தா பயந்துருவாருல்ல.”

மூன்று தலைமுறை ஜவுளிக்காரன் நான். வெள்ளைத் துணி சாயம் ஏற்கும் என்பது எனக்கு மறந்து போயிற்று.

சண்டை முடிந்தது, அவன் வரவில்லை. பிறகு எத்தனையோ நாடகங்களுக்குத் துணி கொடுத்தேன், மாலை வாங்கிக்கொண்டேன். அந்தப் படுதாவில் மட்டும் யாரையும் ஒரு கோடு போட விடவில்லை. ஓரத்தில் ஒரு சேலை அளவு குறைந்தபடி அது இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அவன் அந்த ரயிலில் இருந்தானா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. கேட்ட அன்றே நான் கிழித்துக் கொடுத்திருந்தால், குருண் ஸ்டேஷனில் மஞ்சள் சேலையில் ஒருத்தி நின்றிருப்பாள். அவன் இருந்திருந்தால், தூரத்திலிருந்தே பார்த்திருப்பான்.