சத்தியம் கேட்காத இடம்

முருகன் அடியார்களே, என் மனுசன் குடியை விட்டதைப் பற்றி இணுவிலில் ஆளுக்கொரு கதை உலாவுகிறது. சோற்றில் மருந்து கலந்து கொடுத்தேனாம். மந்திரித்த நூல் கட்டினேனாம். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஈசுவர வருடம் மாசி மாதம் எங்கள் பிள்ளை பூமணி நெருப்புக் காய்ச்சலில் போனாள். நாலு வயது. அவளைப் புதைத்துவிட்டு வந்த பின்னேரமே இவர் கள்ளுத் தவறணைக்குப் போனார். படலையைத் திறந்துகொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். மறிக்கவில்லை. அந்தக் கள்ளிலேயே செத்துப் போகட்டும் என்று நினைத்தேன்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம், தைப்பொங்கலன்று, என் அண்ணை இவரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அப்போதே குடியால் பாதித் தோட்டம் தரிசு. கை கால் நடுக்கத்தைக் கண்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலாமரத்தில் ஏறி மிதிக்க ஒருவரும் இவரை விடுவதில்லை.

"மச்சான், பிள்ளையின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணும். இனித் தொடமாட்டன் எண்டு சொல்லும்."

அண்ணை நல்லதுக்குத்தான் கேட்டார். இவரும் அழுதழுது பூமணியின் தலையில் அடித்துச் சொன்னார். பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். தை முடிய முன்னரே இவர் தவறணையில் இருந்தார். மாசியில் காய்ச்சல் வந்தது. சத்தியம்தான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று ஊர் கதைத்தது. நானும் நம்பினேன். இவரும் நம்பினார். நம்பினதாலேயே இன்னும் குடித்தார்.

நான் இவரோடு கதைப்பதை விட்டேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அப்பால் போய்விடுவேன். சித்திரையில் ஒரு நாள் அந்தச் சோறு தொடாமல் கிடந்தது. தேடிப் போனால், கிணற்றுக்கட்டில் இருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவரும் போய்விடப் போகிறார் என்று விளங்கியது. கையைப் பிடித்து இழுத்து வந்து, பக்கத்து வீட்டாரைக் காவல் வைத்துவிட்டுக் கந்தசுவாமி கோயிலுக்கு ஓடினேன்.

"பிள்ளையை எடுத்தாய். இந்த மனுசனையும் எடுக்கிறதெண்டால் இனி உன்ரை வாசல் மிதிக்கமாட்டன்!"

வாய்விட்டு ஏசினேன். அன்றைக்கு எனக்குக் கும்பிட வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுசி பக்கத்தில் வந்து இருந்தா. உரும்பிராய் ஊர் அன்னம்மாக்கா என்று பிறகு அறிந்தேன்.

"பிள்ளை, உம்மடை மனுசன் குடிக்கிறவரோ?"

"ஓம்."

"என்ரை மனுசனும் குடிச்சவர்தான். எங்கடை புகையிலைக் குடிலுக்கை செவ்வாய், வெள்ளி பின்னேரங்களிலை கொஞ்சப் பேர் கூடுறவை. எல்லாம் குடிச்சு அழிஞ்ச ஆக்கள். கூட்டிக்கொண்டு வாரும்."

ஒரு குடிகாரனைத் திருத்த ஒரு குடில் நிறையக் குடிகாரரா என்று எனக்குச் சிரிப்புத்தான் வரப் பார்த்தது. ஆனால் வேறு போக்கிடம் இல்லை. வெள்ளிக்கிழமை, "வெளிக்கிடுங்கோ, உரும்பிராய்க்குப் போவம்" என்றேன். பிள்ளை போன பிறகு நான் இவரோடு பேசிய முதல் பேச்சு அது. ஏன் என்று கேளாமல் பின்னால் வந்தார்.

கள்ளு இறக்கும் நேரத்தில்தான் அந்தக் கூட்டம். பெண்டுகள் வெளியே மாமரத்தடியில் இருந்தோம்; திறந்த வாசலால் உள்ளே நடப்பது தெரியும், கேட்கும். உள்ளே ஆளுக்கு ஒரு பிளாவில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ். பனையோலையில் கோலிய, கள்ளுக் குடிக்கிற அதே பிளா. அந்த நேரத்துக்குக் கை அதைத் தேடுமாம். கூழைக் குடித்தபடி ஒவ்வொருவராய்த் தங்கள் கதையைச் சொல்லி, தேவாரம் பாடிக் கலைவார்கள். இவர் சில கிழமை வாயே திறக்கவில்லை. குடித்துவிட்டும் வந்தார். ஒருவரும் போ என்று சொல்லவில்லை.

பிறகொரு வெள்ளிக்கிழமை எழும்பினார். "நான் சத்தியம் பண்ணித் தாறன்..." என்று தொடங்க, அன்னம்மாக்காவின் மனுசன் வேலுப்பிள்ளை அண்ணை மறித்தார்.

"இஞ்சை சத்தியம் வாங்கிறேல்லைத் தம்பி. இண்டைக்குப் பொழுதுபடுமட்டும் எங்களோடை இரும். அது காணும்."

அதில் உடைந்துபோனார். "பிள்ளையின்ரை தலையிலை அடிச்சுப்போட்டுக் குடிச்சனான். நான்தான் என்ரை பிள்ளையைச் சாக்காட்டினனான்."

பிறகு நரைத்த தலையர் ஒருவர் சொன்னார்: "நான் அடிச்சது என்ரை ஆத்தையின்ரை தலையிலை. அவ இப்பவும் உயிரோடை இருந்து நாள் முழுக்க என்னைப் பேசுறா."

"நான் மூத்தவன்ரை தலையிலை. என்னிலும் உயரமாய் வளர்ந்து நிக்கிறான்" என்றார் இன்னொருவர்.

"நான் உதிலை வெளியிலை இருக்கிறாளே, அவளின்ரை தலையிலை" என்றார் வேலுப்பிள்ளை அண்ணை. என் பக்கத்தில் அன்னம்மாக்கா தன் தலையைத் தடவிப் பார்த்தா.

உள்ளே யாரோ சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாய் மாறியது. பிள்ளை போனதற்கு இவர் வாய்விட்டு அழுததை அன்றுதான் கேட்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்குப் புத்தி வந்தது. எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, அதே காய்ச்சலில் இன்னொரு பிள்ளையும் போனது. அதன் தகப்பன் கள்ளை வாயில் வைத்தறியாதவர்.

"காய்ச்சல்தான் கொண்டுபோனது. நீங்கள் இல்லை" என்றேன்.

"ஓம்" என்றார். தெருவோரத்தில் இருந்து இரண்டு பேரும் அழுதோம்.

பூமணி போய் ஒரு வருடம் ஆன நாளில் மறுபடி குடித்தார். அடுத்த செவ்வாய் குடிலுக்குப் போய் அதைத் தானே சொன்னார். அதன் பிறகு இல்லை. இப்போது தரிசாய்க் கிடந்த பக்கத்தில் வெங்காயம் வைத்திருக்கிறார்.

முருகனிடம் நான் கேட்டது இரண்டு. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தா என்றேன். தரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. கேட்காமல் விடவும் மாட்டேன். என் மனுசனைத் தா என்றேன். தந்தான். அதற்காக என் உயிர் உள்ளவரை அவன் வாசலில் கிடப்பேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் முருகனிடம் கேளுங்கள். ஏசினாலும் அவன் கேட்டுக்கொள்வான். பிறகு ஆளைக் குடிலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உள்ளே விட்டுவிட்டு மாமரத்தடிக்கு வாருங்கள், நான் இருப்பேன். நீங்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்றால் ஒன்றும் கதைக்க வேண்டாம். பக்கத்தில் வந்து இருந்தால் போதும்.