ஆறாம் குப்பி எண்ணெய்

எழுத்தெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். அதனால்தான் இதை வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

குலசேகரம் போகிற வழியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் வேலை. டிரான்ஸ்பார்மர் எண்ணெயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, உள்ளே ஊசி நிறுத்தி, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத முதல் பொறி எந்த வோல்டேஜில் கிளம்புகிறது என்று குறிக்க வேண்டும். கிளம்பினால் ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று கேட்கும். துளி ஈரமோ தூசியோ குமிழோ இருந்தால் முன்னாலேயே கேட்டுவிடும். பழி யாருக்கு? கிண்ணம் கழுவின எனக்குத்தான்.

அன்று ஆராய்ச்சி செய்கிற மேடம் கொண்டுவந்த ஆறு குப்பி எண்ணெயில் ஆறாவது என் உயிரை வாங்கியது. மற்ற ஐந்தும் ஒழுங்கு, இது மட்டும் பாதி வோல்டேஜிலேயே கிர்ர். கழுவி, காயவைத்து, ஊற்றி, குமிழ் அடங்கக் காத்திருந்து, நாலு தடவையும் அதே கதை.

"அண்ணே, ஒழுங்கா கழுவினியளா?"

"கழுவினேன் மேடம்."

"பொறவு எப்படி?"

நோட்டில் 'கிண்ணம் சுத்தமில்லை' என்று எழுதினார். இன்னொரு தடவை அப்படி எழுதி வந்தால் என்னை ஹாஸ்டல் சமையலுக்கு அனுப்பிவிடுவதாக ஹெச்.ஓ.டி. சார் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஐந்தாம் தடவை ஊற்றிவிட்டு, சுவிட்சைத் தொடும் முன்பே கரண்ட் போய்விட்டது. மதியம் மூன்று மணி. கிண்ணத்தைச் சுற்றியிருக்கும் வலைக்கூண்டுக்குள் போய், மிச்சக் கரண்டும் இறங்கட்டும் என்று எர்த் கம்பியையும் மாட்டினேன். பேட்டரியில் ஓடியது ஸ்பீக்கர் பெட்டி மட்டும்தான். நம்பினால் நம்புங்கள், கிர்ர் என்றது. விடாமல் கத்தியது. போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கர் இரையும் என்பார்கள், எங்கள் இருவர் போன்கள்கூட வெளியேதான் இருந்தன.

எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "எலே, கரண்டே இல்ல, இதுக்கும் நான் கழுவினதுதான் குத்தமா? சும்மா இருலே!"

நின்றது. ஓய்ந்து நிற்கவில்லை, திட்டு வாங்கினவன் வாயை மூடுவதுபோலப் பாதியில் நின்றது. அதுதான் இன்றைக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கரண்ட் வந்ததும் அதே எண்ணெயை அளந்தோம். மற்ற ஐந்தைப் போலவே ஒழுங்காக வந்தது. நான் திட்டினதைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்த மேடம் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டார்.

மறுநாள் ஆறாம் குப்பியை மறுபடி அளந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். "சும்மா இரு மக்கா" என்று உள்ளே அவர் மெல்லச் சொன்னது கேட்டது. பிறகுதான் சுவிட்சைப் போட்டார். அளவு சரியாக இருந்தது.