ஒரு பொட்டுச் சந்தனமும் பீர் அண்ணனும்

பீர் அண்ணன் போய்விட்டார். காலையில் அவருடைய தம்பி போன் செய்து சொன்னார். நெஞ்சுவலி... மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள்.

காஜா பெராங்கில் எங்கள் மெஷின் ஷாப்புக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் பால் விடாத தேநீர், தே ஓ. திரையில் ஓர் அலுமினியத் துண்டு மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

தெரியாதவர்களுக்காக. எந்தக் கத்தி எந்த வழியாகப் போய் உலோகத்தை வெட்ட வேண்டும் என்பதை அவர் சாஃப்ட்வேரில் வரைவார். அது ‘கோடு’ எனும் கட்டளை வரிகளாக மாறி மெஷினுக்குப் போகும். மெஷின் வெட்டும். வெட்டியது சரியா என்று பக்கத்து அறையில் நான் அளந்து பார்ப்பேன்.

மெஷின் வெட்டுவதற்கு முன் திரையிலேயே ஒருமுறை வெட்டிக் காட்டும். அதை அவர் தனியாகப் பார்க்க மாட்டார்.

"வாங்க வாங்க, படம் போட்டாச்சு."

போவோம். மெஷின் ஓட்டும் சிவகாமி அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டே வருவார்.

"சண்டை இருக்கா பீரு?"

"கிளைமாக்ஸ்ல டிரில் பிட் உடையும்க்கா. நீங்க ஓட்டினா."

டவுனில் அவர் குடும்பத்துக்கு ஜவுளிக் கடை. "எங்க வீட்ல எல்லாரும் மீட்டர்ல அளக்கறாங்க, நான் மட்டும் மைக்ரான்ல" என்பார். சிரித்துக்கொண்டுதான். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலியை அவருடைய வாப்பா காலியாகவே வைத்திருந்தார்.

சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி எங்கள் முதலாளி தவுக்கேயை விடாமல் நச்சரித்தவர் பீர் அண்ணன்தான். மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தது.

"இனிமே கையால கோடு அடிக்கிறதிலேர்ந்து நமக்கும் மெர்டேக்கா லா" என்றார்.

தவுக்கே சிரிக்கவில்லை. முதல் பெரிய ஆர்டர் நல்லபடியாகப் போக வேண்டும். இல்லையென்றால் சாஃப்ட்வேர் திரும்பிப் போகும், பீரும் ஜவுளிக் கடைக்குப் போகலாம். முதலாளி அப்படித்தான். சுருக்கமாகப் பேசுவார்.

அந்த ஆர்டர் வந்தது ஆயுத பூஜை சமயத்தில்.

பூஜை சிவகாமி அக்காவின் பொறுப்பு. மெஷின் கதவு, வைஸ், ஸ்பேனர், டூல் பெட்டி... ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டர் பக்கம் வந்ததும் பீர் அண்ணன் இரண்டு கைகளாலும் கீபோர்டை மூடிக்கொண்டார்.

"எண்டர்ல மட்டும் வெச்சிடாதீங்கக்கா. ஒட்டிக்கிட்டா எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிக்கிட்டே போகும்."

அக்கா மானிட்டர் ஓரத்தில் ஒரு பொட்டோடு விட்டார். பீர் அண்ணன் சுண்டலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

மறுநாள் ஆர்டரின் முதல் துண்டுகள் என் மேசைக்கு வந்தன. துளைகள் சரி. அகலம் சரி. தடிமன் மட்டும் கூடுதல். ஒரு மயிரிழைதான்... ஆனால் எல்லாத் துண்டிலும் அதே மயிரிழை.

தவுக்கே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் உதவாது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

பீர் அண்ணன் புரோகிராமை வரிவரியாகப் பார்த்தார். திரையில் வெட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அன்று எங்களில் யாரையும் படம் பார்க்கக் கூப்பிடவில்லை.

பிறகு எழுந்துபோய் மெஷின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

உள்ளே ஒரு சின்ன வட்டப் பொத்தான் இருக்கும். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கத்தியும் இறங்கி அதைத் தொடும். தொட்ட இடத்தை வைத்துத்தான் கத்தியின் நீளம் மெஷினுக்குத் தெரியும்.

பொத்தானின் தலையில் ஒரு பொட்டு. ஓடு போலக் காய்ந்து. மெஷின் சந்தனத்தையும் கத்தியோடு சேர்த்து அளந்து, அந்த அளவுக்கு மேலேயே நின்று வெட்டியிருந்தது.

"அக்கா... இங்கயுமா?"

"எல்லாத்துக்கும் வெச்சேன். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

பீர் அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு நிற்கவில்லை. "கம்ப்யூட்டர்ல எல்லாம் வரைஞ்சேன்க்கா. சந்தனத்தை வரையலயே."

கூடுதல்தான், குறைவு இல்லை; மிச்சத்தை இன்னும் வெட்டி எடுக்கலாம். பொட்டைத் துடைத்து, கத்திகளை மறுபடி அளக்கவிட்டு, அதே துண்டுகளை அதே புரோகிராமில் ஓட்டினோம். அளந்தேன். சரி. ஆர்டர் போயிற்று. சாஃப்ட்வேர் தங்கியது.

சிவகாமி அக்காவுக்கு உள்ளூரப் பயம். "தவுக்கேகிட்ட என்னா சொன்ன பீரு?"

"அழுக்குன்னு சொல்லிட்டேன். சாமி கோவிச்சுக்கிட்டா நீங்க பேசிக்குங்க."

அடுத்த பூஜையிலிருந்து அக்கா அந்தப் பொத்தானுக்குப் பக்கவாட்டில் பொட்டு வைக்கிறார்.

அந்த ஆர்டர் போன சில நாளில் பீர் அண்ணனுடைய வாப்பா ஷாப்புக்கே வந்தார். மகனைக் கையோடு அழைத்துப் போகும் முகம். பீர் அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, திரையில் வெட்டிக் காட்டினார்.

வாப்பா கடைசிவரை பார்த்தார். "அதுவே வெட்டுது. அப்ப ஒனக்கு என்ன வேலை?"

"அதுவே வெட்டற மாதிரி பண்றது வாப்பா."

வாப்பா ஸ்டூலைத் திரைக்குப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மறுபடி போடு."

அடுத்த வாரம் ஜவுளிக் கடையிலிருந்து ஒரு பை வந்தது. கம்ப்யூட்டரில் தூசி படாமல் மூடுவதற்கு, அளவாகத் தைத்த துணி உறை. கீபோர்டுக்குத் தனியாக ஒன்று. ஓரத்தில் லேஸ் வேறு. பீர் அண்ணன் அதை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார்.

இன்று மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை அவர் அனுப்பிவிட்டுப் போன புரோகிராம். தவுக்கே நிறுத்தச் சொல்லவில்லை. சிவகாமி அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

இந்தத் துண்டு முடிந்ததும் எல்லோரும் கிளம்பி வருகிறோம், அண்ணே.