சான்டா கிளாராவில் முதலாளியைத் தேடுகிறார்கள்

காலிக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது: அங்கிளைக் கூட்டி வந்ததே தப்பு.

மில்பிடாஸில் நான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டில் இரண்டு தொழில்கள் நடக்கின்றன. அங்கிளின் டாட்காமுக்கு விசிட்டிங் கார்டு உண்டு, வாடிக்கையாளர் இல்லை. அது கம்பெனி. விமலா ஆன்டி கராஜில் அரைக்கும் தோசை மாவை மூன்று கடைகள் வாங்குகின்றன. அது டைம் பாஸ்.

அந்த டைம் பாஸுக்கு இடம் பார்க்கத்தான் சான்டா கிளாரா வந்திருக்கிறோம். ஆன்டி கேட்கும் கேள்விக்கெல்லாம் கடைச் சொந்தக்காரர் அங்கிளைப் பார்த்தே பதில் சொல்கிறார். காரோட்ட வந்த அங்கிளும், யோசித்துச் சொல்வதாகக் கைகுலுக்கிவிட்டுக் காருக்குப் போகிறார்.

"என்ன ஆன்டி, விட்டுட்டீங்க?"

"இவர் தலையாட்டுறதைப் பாத்தியா? உளுந்து ஊறவெச்சதே இவர்தான்னு நானே நம்பிட்டேன்!"

"வேற யாராவது எடுத்துட்டா?"

"நாளன்னிக்கு இன்னொரு பார்ட்டி சைன் பண்ண வராங்களாம். இதை விட்டா கராஜ்தான்."

"அப்போ நாளைக்கே நாம மட்டும் வருவோம்."

"ஃப்ரீவேல யாரு டிரைவ் பண்றது? நான் ஊருக்குள்ள மட்டும்தானேம்மா ஓட்டியிருக்கேன்."

எனக்கோ லைசென்ஸே கிடையாது. நாளைக் காலை மாவு முதலாளி ஓட்டப்போகிறார். நான் மேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரப்போகிறேன்.